முப்பத்து நாலாம் நாள் காபி

"டிகாஷன் இறங்கிடுச்சா? இல்ல, இன்னிக்கும் பில்டரைத் தட்டித் தட்டி எழுப்பிக்கினு இருக்கீங்களா?"

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் ருக்மணி.

"தட்டவே இல்ல ருக்கு. அஞ்சு மணிக்கே போட்டுட்டேன். தானா சொட்டட்டும்னு விட்டுட்டேன்," என்றான் மணிவேல் சமையலறையிலிருந்து, பெருமையாக.

இருக்காதா பின்னே? ஏழு வருஷமாக அந்த வீட்டில் அவன் காபிக்கு மரியாதையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆசை ஆசையாகப் போட்டுக் கொடுப்பான். ருக்மணி ரெண்டு வாய் குடிப்பாள். "கொஞ்சம் ஸ்ட்ராங்குங்க" என்று மீதியை ஓரமாக வைத்துவிடுவாள். காபித்தூள் டப்பாவும் அவன் கைக்கு எட்டாமல் மேல் அலமாரிக்குப் போய்விடும்.

இப்போது ஆள் தேறிவிட்டான். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. பில்டரின் ஓட்டைகளை அடுப்பில் காட்டி அடைப்பு எடுப்பான். பொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பான். தூளைப் போட்டு, குழந்தை கன்னத்தைத் தொடுகிற மாதிரி லேசாக அழுத்துவான். தண்ணீர் கொதித்ததும் அரை நிமிஷம் பொறுத்துச் சுற்றி ஊற்றுவான். மறுபடி சுடவைத்த பாலைத் தொடவே மாட்டான்.

இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்டால் பாவமாக இருக்கும். மணிவேலுக்கு வேலை போய் இன்றோடு முப்பத்து நாலு நாள்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனி. இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் ஆயிலில் நனைந்தபடி ஏழு வருஷம் சி.என்.சி. மெஷின் ஓட்டினான். ஆர்டர் இல்லை என்று ஒரே நாளில் பதினோரு பேரை அனுப்பிவிட்டார்கள். வேறு வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் வாயை மூடிக்கொண்டான். தினமும் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்புவான். கம்பெனி கம்பெனியாக பயோடேட்டா கொடுப்பான். மீதிப் பொழுதெல்லாம் ஏரிக்கரை பெஞ்சில்தான். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைச் சம்பளம் என்று நீட்டி ஒரு மாசத்தை ஓட்டியாயிற்று. அடுத்த மாசம்?

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். அவனுக்கோ தினமும் மூன்று அடுக்கு டிபன் கேரியரில் கிடைத்தது. சம்பளம்தான் இல்லை, அவளுக்கு ஒரு வாய் நல்ல காபியாவது கொடுப்போமே என்றுதான் இந்தப் பாடு.

டபராவில் நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினான். ருக்மணி மெஷினை நிறுத்தினாள். கண்ணை மூடி முகர்ந்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"கும்முனு இருக்குதுங்க."

அவள் பக்கத்தில் தைக்க வேண்டிய ஜாக்கெட் துணிகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது, அதற்குள் ஏன் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தான். இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ருக்கு... ஒரு விஷயம்..."

"அக்கா, என் ஜாக்கெட்டு ரெடியா?" என்றபடி உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டு வினோதா. மணிவேல் சட்டென்று எழுந்து அவளுக்கும் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்தான்.

"அடேயப்பா! அண்ணா, ஓட்டல்காரங்க தோத்தாங்க போங்க," என்று உறிஞ்சினாள் வினோதா. "ஆமா, உங்க கம்பெனியில ஆளுங்கள நிறுத்திட்டாங்களாமே? எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கினு இருந்தாரு."

மணிவேல் ருக்மணியின் காலி டபராவை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினான். போச்சு, எல்லாம் போச்சு!

"கம்பெனின்னா ஆயிரம் இருக்கும் வினோதா," என்றாள் ருக்மணி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "நீ போய் ஜாக்கெட்டப் போட்டுப் பாத்துட்டு வா. கை புடிச்சா சொல்லு, இப்பவே பிரிச்சு விடறேன். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வினோதா டம்ளரை வைத்துவிட்டு ஜாக்கெட்டோடு போனாள். தப்பித்தோம்டா சாமி என்று மணிவேலுக்கு மூச்சு வந்தது. சொல்ல இருந்த தைரியமும் அந்த மூச்சோடு போய்விட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் தோளில் மாட்டினான். உள்ளே வழக்கம்போலக் குடை இடித்தது.

"மழையே காணோம். தினமும் எதுக்கு ருக்கு இந்தக் குடை? வாசல்ல பஸ் ஏறி கம்பெனிக்குள்ள இறங்கப் போறேன்."

ருக்மணி எழுந்து வந்து பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"குடை வேணாம்னா வீட்லயே சாப்பிடுங்க. ஏரிக்கரையில வெயில் ஜாஸ்தி."

மணிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"யாரு... வினோதா வீட்டுக்காரரு சொன்னாரா?"

"யாரும் சொல்லல." அவனுடைய இரண்டு கைகளையும் எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள் ருக்மணி. கண் கலங்கிவிட்டது. "எத்தனை சோப்பு போட்டாலும் போகாதே அந்த கூலன்ட் நாத்தம்! நீங்க போடற காபியில அதுதான் முதல்ல வரும். நமக்குச் சோறு போடற வாசனையாச்சேன்னு, ஏழு வருஷமா வாயத் திறக்காம பாதி குடிச்சுட்டு வச்சேன். போன மாசம் ஒருநாள் உங்க காபியில வெறும் காபி வாசனை மட்டும் வந்துச்சு. அன்னிக்கே உங்க பின்னாடி ஏரிக்கரை வரைக்கும் வந்துட்டேங்க."