பாக்கெட்டின் பின்பக்கம்

சூப்பர் மார்க்கெட்டின் வெள்ளை வெளிச்சத்தில் சின்ன மருமகள் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலை மாமியாருக்கு வாசித்துக் காட்டுகிறாள். அந்த பிஸ்கட் கம்பெனியில்தான் கூட வந்திருக்கும் மூத்த மருமகள் பாக்கெட் ஒட்டும் வேலை பார்க்கிறாள். தலையுறை பதிந்த தடம் இன்னும் அவள் நெற்றியில் இருக்கிறது. "அடேயப்பா, இவ்ளோ மருந்தா! எனக்கு வேணாம்டியம்மா," என்று மாமியார் அதைத் திரும்ப அடுக்கில் வைக்கிறார். "நேத்துவரைக்கும் டீயில முக்கிச் சாப்பிட்டீங்களே, அத்தை?" என்கிறாள் மூத்தவள். "அப்ப எடுத்துச் சொல்ல ஆளில்லையே." மூத்தவள் சின்னவளின் கூடையிலிருந்து ஓட்ஸ் பாக்கெட்டை வெடுக்கென்று உருவி, வாயில் நுழையாத பெயர் ஒன்றாவது அகப்படாதா என்று பின்பக்கத்தில் தேடுகிறாள். ஓட்ஸ் என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. கட்டைவிரலால் அதைத் தேய்க்கிறாள். அழிய மாட்டேன் என்கிறது.