குக்கருக்கு வாசித்த குறிப்பு

மறுநாள் அச்சேறவிருந்த ஆங்கிலச் செய்முறைத் தாள், அடுப்பிலிருந்த புதுக் குக்கருக்குத் தன்னை வாசித்துக் காட்டியது.

"மூடியைத் திறக்கவும்..."

குக்கர் உடனே திறந்துகொண்டது. கொதித்த பருப்பு கூரைவரை பறந்தது.

"அவசரக்குடுக்கை, 'ஆவி அடங்கிய பிறகு' என்று முடிப்பதற்குள்ளேயா?" என்றது தாள்.

"திறக்கச் சொன்னீங்க, திறந்தேன் அண்ணே. வீட்டில் என்னைத் திறக்கப்போவது மனுஷக் கை. வெந்துபோகும்."

தாளின் முகம் சுருங்கியது. அந்த ஆங்கில வரியில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. இருந்தாலும், கடைசியில் கிடந்த நிபந்தனையைத் தூக்கி முன்னால் வைத்தது.

"ஆவி முழுவதும் அடங்கிய பிறகு, மூடியைத் திறக்கவும்."

மறுபடி மூடிக்கொண்டு கொதித்த குக்கர், இம்முறை ஆவி ஓயும்வரை காத்திருந்து மெல்லத் திறந்தது.

"அடுத்த வரி என்ன அண்ணே?"

தாள் உடனே வாசிக்கவில்லை. குக்கரைத் தொடப்போகும் கை தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, அந்த வரியை மனதுக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தது.