மிச்சமிருந்த வாக்கியம்

அந்தக் கோயில் பீடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை. அதற்குள் ஒரு நாக்கு. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த புனிதர் ஒருவருடைய நாக்கு அது. கல்லறையைத் திறந்தபோது உடம்பெல்லாம் மண்ணாகிக் கிடக்க, அது மட்டும் ஈரமாக, சிவப்பாக இருந்ததாம். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டுமென்று ஜனங்கள் அதன் முன்னால் முழங்காலிடுவார்கள்.

பேழைக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு இது புரியவே இல்லை. அறுந்து விழுந்த தன் வாலே கொஞ்ச நேரம்தான் துடித்தது.

"நீ மட்டும் ஏன் இன்னும் அடங்கவில்லை?" என்று ஒருநாள் கேட்டது.

"கடைசிப் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் மிச்சம்," என்றது நாக்கு. "அதற்குள் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. இங்கே வருகிறவர்கள் தங்கள் குறையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்."

"என்னிடம் சொல்லு. நான் அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்."

நாக்கு சொன்னது. சொன்ன கையோடு தூளாக உதிர்ந்தது.

பேழையைத் துடைக்க வந்த கோயில்பிள்ளை, பார்த்துவிட்டு, சிவப்பு மெழுகை உருட்டி உள்ளே வைத்தார். கூட்டம் குறையவில்லை.

மோதிரத்தைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம், பல்லி அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னது. அவள் விரலால் தரையைத் தட்டினாள். "பல்லி சொல்லிடுச்சு, மோதிரம் கிடைச்சிடும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. பல்லி சாகும்வரை சொல்லிப் பார்த்தது.

பீடத்துக்குப் பின்னால் அது சருகாகக் காய்ந்து கிடந்தது. இழுத்துப்போக வந்த எறும்பு, அதன் வாயருகே வந்ததும் நின்றுவிட்டது. உள்ளே நாக்கு மட்டும் ஈரமாக, சிவப்பாக இருந்தது.

"போய்விடாதே," என்றது அது. "ஒரே ஒரு வாக்கியம்தான்."