பலகைக்கு அந்தப் பக்கம்

ரகுராம் இதை என்னிடம் சொன்னபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்ததாக நினைவு. பெய்யாமலும் இருந்திருக்கலாம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதிலும் எனக்கு உறுதியில்லை. அவருக்கே தன் நினைவின் மேல் சந்தேகம் வந்திருந்த காலத்துக் கதை இது.

ஊருக்கு வெளியே, அத்திபெலேயில் ஒரு தகர ஷெட். உள்ளே முட்டுக்கட்டைகளின் மேல் ஒரு பழைய மோட்டார் படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் படகுக்குள் ரகுராம் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பார். வெளியே அவர் மனைவி நிருபமா.

படகுப் பலகைக்கு அடிக்கிற செம்பு ஆணியை ஒருவர் தனியாக அடிக்க முடியாது. வெளியே ஒருவர் ஆணித் தலையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவர் அதன் முனையைத் தட்டித் தட்டையாக்க முடியும். நடுவில் பலகை, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ரகுராம் உள்ளிருந்து ஒரு தட்டு தட்டுவார். பதிலுக்கு வெளியிலிருந்து ஒரு தட்டு வரும்.

"ஜோடின்னா இது ஜோடி சார்," என்பார் பக்கத்து ஷெட்டில் லாரிக்கு பாடி கட்டும் மைக்கேல்ராஜ். "என் வீட்டுல ஃபோட்டோ மாட்டணும், கொஞ்சம் ஸ்டூலைப் புடிடின்னா, விழுந்தா விழுன்னு சொல்றா."

ரகுராம் சிரிப்பார். வெளியே சத்தம் இருக்காது.

அந்தப் படகு விற்றுப்போனதும் அவர்கள் பிரிவதாக இருந்தார்கள்.

இருவர் பெயரிலும் இருந்த சொத்து அது ஒன்றுதான். இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கொச்சியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. "அதை வித்துட்டு வாங்க, அடுத்த தேதியில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடலாம்," என்று வக்கீல் ஜோசஃபின் சொல்லிவிட்டார். உளுத்த பலகைகளோடு அதை வாங்க ஆளில்லை. அதனால் இருவரும் வீடியோ பார்த்துத் தச்சு வேலை கற்றுக்கொண்டார்கள்.

மல்லேஸ்வரத்து வீட்டில் இரண்டு வருடமாக மகள் அதிதி வழியாகத்தான் பேச்சு.

"அதிதி, அப்பாக்கு ரசம் வேணுமா கேளு."

"அப்பா, ரசம்?"

"போறும்னு சொல்லு."

"போறுமாம்."

"அப்போ சாதம் ஏன் அப்படியே இருக்குன்னு கேளு."

"அப்பா, சாதம் ஏன்..."

"நீ சாப்பிடு, பாப்பா."

ரகுராமுக்குப் பிரிய மனமில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அதிதிக்குக் கல்யாணம் ஆகும்வரையாவது இது ஒரு வீடாக இருக்கட்டும் என்று நினைத்தார். அப்பாவும் அம்மாவும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்றுதானே எந்தப் பெண்ணும் விரும்புவாள், இதையெல்லாம் அவளிடம் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே வியாழக்கிழமைகளில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் முடிந்ததும் ஸ்கூட்டரில் தனியாக அத்திபெலே போனார். ஞாயிறன்று அடித்த ஆணிகளில் சிலவற்றின் முனையை அரத்தால் ராவி, உருவி எடுத்துவிட்டு வந்தார். பிடுங்குவதற்கு ஒரு ஆள் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் ஓட்டை ஒன்றும் இல்லை. ஆணிகள் பளபளவென்று இடத்தில் இருந்தன. முன்பக்கம் பிடுங்கினோமா, பின்பக்கமா என்று குழம்பினார். அடுத்த முறை சாக்பீஸால் குறி போட்டார். குறி அப்படியே இருந்தது, ஓட்டைதான் இல்லை.

யாரிடம் கேட்பது? கேட்டால், பிடுங்கியதைச் சொல்ல வேண்டும். பேசாமல் மறு வியாழனும் போனார். அதற்கடுத்த வியாழனும் போனார். படகு தயாராகிக்கொண்டே வந்தது.

சென்னையிலிருந்து முகேஷ் என்பவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கத்துக்குட்டி வேலைன்னு சொல்லவே முடியாது சார். ஒவ்வொரு ஆணியும் ரெண்டு வாட்டி அடிச்ச மாதிரி நிக்குது," என்றார். அடுத்த வாரம் லாரியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படகு சென்னைக்குப் போனது. விவாகரத்து ஆனது. நிருபமா லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு இருக்கிறார். அதிதி வேலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். ரகுராம் அதே வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது அதிதி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

ஆனால் அன்று, முகேஷின் கார் போன பிறகு, மூன்று பேரும் ஷெட்டில் நின்றிருந்தார்கள். அதிதி இருவரையும் அழைத்துப் போக வந்திருந்தாள்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக ரகுராம் மனைவியிடம் நேராகப் பேசினார்.

"நீதானா?"

"நான்தான். நீங்க வியாழக்கிழமை பிடுங்குவேள், நான் சனிக்கிழமை வந்து அடிப்பேன்." நிருபமா கொஞ்சம் நிறுத்தினார். "பாவமாத்தான் இருந்தது."

பக்கத்து ஷெட்டில் யாரோ தகரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் ரகுராமுக்கு ஒன்று தோன்றியது.

"தனியா அடிக்க முடியாதே, நிரு. அந்தப் பக்கம் யாரு? மைக்கேல்ராஜா?"

நிருபமா அதிதியைப் பார்த்தார். எப்போதும்போல பதிலை அவள் கொண்டுவந்து தருவாள் என்று ரகுராமும் காத்திருந்தார்.

"நான்தாம்ப்பா பிடிச்சுண்டேன்."