யாருக்கோ வந்த பேச்சு

ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களுக்குள் தகவல்களைக் கைமாற்றிவிட ஹப் என்று ஒரு பழைய பெட்டி இருந்தது. யார் யாருக்குச் சொன்னாலும் அதை எல்லார் காதிலும் போட்டுவிடும். மேனேஜர் கம்ப்யூட்டர் பிரிண்டரிடம் சொன்னதுகூட மூலையில் கிடந்த ஒரு கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் இரண்டு பேச்சும் மோதிச் சிதறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அப்பப்பா, மூச்சுவிட நேரமில்ல" என்று மூலைக் கம்ப்யூட்டர் பெருமையாக அலுத்துக்கொள்ளும்.

ஒருநாள் ஹப்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் என்ற புதுப் பெட்டியை மாட்டினார்கள். மூலைக் கம்ப்யூட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பேச்சுமூச்சு இல்லை! எல்லாரும் ஒட்டுமொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா?

"ஏம்ப்பா ஸ்விட்ச், மத்தவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"எல்லாரும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க அண்ணே. யாருக்குச் சொன்னதோ அவங்ககிட்ட மட்டும் கொடுக்கிறேன். மோதலே இல்ல, வேலை பறக்குது."

"அப்போ எனக்கு வந்ததெல்லாம் எங்கே?"

"உங்க பேருக்கு ஒண்ணும் வரலையேண்ணே."

"ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"சத்தியமா இல்லண்ணே."

மூலைக் கம்ப்யூட்டர் பழசையெல்லாம் புரட்டிப் பார்த்தது. இத்தனை வருஷம் கேட்டதில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லையா?

ஸ்விட்சுக்கே பாவமாகிவிட்டது. "நீங்களாவது யார்கிட்டயாவது பேசுங்களேன். பேரை மட்டும் சொல்லுங்க, இந்த நிமிஷமே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

மூலைக் கம்ப்யூட்டர் ஆர்வமாக வாயைத் திறந்தது. அந்த ஆபீஸில் அத்தனை பேர் விவகாரமும் அதற்கு அத்துப்படி.

சொல்வதற்கு ஒரு பேர்தான் வரவில்லை.