கட்டைவிரலுக்குப் பக்கத்தில்

மூன்றாமவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சோதனை முடியும்வரை இங்கே யாருக்கும் பெயர் கிடையாது. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர். மூவரும் கிளினிக்கில் தினமும் ஊசி போடும் மிஸ்ஸிகள்.

மூன்றாவதாக வரவேண்டியவர் காலையில் திடீரென்று வர முடியாது என்று சொல்லிவிட்டார். நான்தான் அவசரமாக வேறு ஆளை அழைத்தேன்.

"ஆள் கிடைச்சதே பெருசு," என்றார் ரமணன் அண்ணன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மேசைமேல் ஒரு ரப்பர் கை. பக்கத்தில், போட்டு முடித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் டப்பா. தட்டில் எங்கள் ஊசி.

செடெனாக்கில் இருக்கும் இந்தத் தொழிற்சாலையில் நானும் ரமணன் அண்ணனும் ஒரு வருடமாக இழுத்துப் பிடித்து வடிவமைத்தது. குத்தி வெளியே எடுத்ததும் அதே கையின் கட்டைவிரலால் நீலப் பொத்தானைத் தள்ள வேண்டும். ஓர் உறை முன்னால் நகர்ந்து முனையை மூடிக்கொள்ளும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு அந்த ஊசி யாரையும் குத்தாது.

போட்டு முடித்த ஊசிக்குப் பழைய மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. மாட்டும்போதுதான் விரலில் குத்திக்கொள்கிறார்கள். இது எல்லா மிஸ்ஸிக்கும் தெரியும். கிளினிக் சுவரில் ஒட்டியும் இருக்கும்.

என் வேலை மூலையில் உட்கார்ந்து பார்ப்பது. பேசக் கூடாது. தலையாட்டக் கூடாது. இருமக்கூடக் கூடாது.

பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை.

முதல் இருவரும் பொத்தானைச் சரியாகத் தள்ளிவிட்டார்கள். இவரும் தள்ளிவிட்டால் திங்கட்கிழமை ஊசியை வார்க்கும் அச்சைச் செய்யக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. அதற்கு மேலிடம் சம்மதிக்குமா என்று தெரியவில்லை.

ரமணன் அண்ணன் கைப்பேசியைத் தட்டினார். ஒரு குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. கிளினிக் இப்படித்தானே இருக்கும்.

"என் மவன்தான். குளிக்கச் சொன்னா இப்படித்தான்லா கத்துவான்."

மூன்றாமவர் சிரிக்கவில்லை. இடது சுட்டுவிரலின் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையுறைகளை மாட்டினார். ஊசியின் மூடியைக் கழற்றித் தட்டில் வைத்தார். ரப்பர் கையை, அதற்கு வலிக்கும் என்பதுபோல மெதுவாகப் பிடித்தார்.

"அங்கிள், கைய லூசா விடுங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

குத்தினார். செலுத்தினார். வெளியே எடுத்தார்.

அந்த நேரத்துக்காகவே காத்திருந்த ரமணன் அண்ணன், அழும் குழந்தையின் அப்பாவாக மாறினார்.

"மிஸ்ஸி, இன்னும் எவ்ளோ நேரம்லா? என் நம்பர் எப்பவோ போயிருச்சு!"

"கத்தாதீங்க, இதோ வந்துட்டேன்," என்று மூன்றாமவர் அவர் பக்கம் திரும்பினார்.

திரும்பியபடியே அவருடைய இடது கை தட்டுக்குப் போனது.

மூடியை எடுத்தது.

வலது கட்டைவிரல் நீலப் பொத்தானின் மேலேதான் இருந்தது. கொஞ்சம் தள்ளினால் போதும்.

நான் இருமவில்லை.

மூடி ஊசியில் ஏறியது. ஊசி மஞ்சள் டப்பாவில் விழுந்தது. 'டக்' சத்தம் வரவே இல்லை.

அதன்பிறகுதான் மூன்றாமவர் தன் இடது கையைக் குனிந்து பார்த்தார்.

ரமணன் அண்ணன் குழந்தையின் அழுகையை நிறுத்தினார். என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"இத விட்டுருலா, லோஷினி. பாவம், இன்னிக்குத்தான் மொத மொத கையில எடுக்குறாங்க. நான் வேற கத்திட்டேன். இன்னொரு தடவ செய்யச் சொல்வோம். அதையே எடுத்துக்கலாம்."

நான் தலையாட்டினால் போதும். இன்னொரு முறை அவர் சரியாகவே செய்வார். அது எனக்கு நன்றாகத் தெரியும். திங்கட்கிழமை அச்சு.

"மொத தடவ இல்லண்ணே," என்றேன். "பொத்தான கட்டைவிரலுக்குப் பக்கத்துல வைக்கச் சொன்னதே அவங்கதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

எங்கள் முதல் மாதிரியை, பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பார்த்தவர் அவர்தான் என்று சொன்னேன். அதற்கு முன்பு, போட்ட ஊசிக்கு மூடி மாட்டப்போய் விரலில் குத்திக்கொண்டவர். நோய் தொற்றிவிடாமல் இருக்க ஒரு மாதம் மாத்திரை விழுங்கி வாந்தி எடுத்தவர். கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தன் தட்டையும் குவளையையும் தனியாக வைத்துக்கொண்டவர். அப்படியெல்லாம் தொற்றாது என்று தன் நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிறவர்.

ரமணன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து மாதிரி ஊசி ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"அவங்க கையே இதுக்குப் போவுதுன்னா..." என்று நிறுத்தினார். பிறகு, "திங்கட்கிழமை இல்ல," என்றார்.

நான் உள்ளே போனேன். சோதனை முடிந்துவிட்டது. இனிப் பேசலாம்.

"அக்கா, வா. சாப்பிடப் போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, இடது சுட்டுவிரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.