ரெடிமேடா, அசெம்பிளா?

"ரெடிமேடே வாங்கிடலாம்ப்பா, ப்ளீஸ்! ஆன் பண்ணினா கேம் ஓடணும், அவ்வளவுதானே?"

டெல்லியின் கம்ப்யூட்டர் சந்தையான நேரு பிளேஸின் ஜூன் மாத வெயிலில், ஐந்தாவது சனிக்கிழமையாக மேதா இதையே கேட்டாள். கணக்கில் தொண்ணூறு வாங்கினால் கேம் ஆட நல்ல கம்ப்யூட்டர் என்று வாக்குக் கொடுத்தவர் அப்பா ராஜாராமன்தான். அவள் தொண்ணூற்று மூன்று வாங்கிவிட்டாள். கம்ப்யூட்டர்தான் வந்தபாடில்லை.

"ரெடிமேட்ல வெளியில ஸ்டிக்கர்தான் பளபளன்னு இருக்கும். உள்ளே கிராஃபிக்ஸ் கார்டே போட்டிருக்க மாட்டான். அதே காசுக்கு நாம பார்த்துப் பார்த்துப் போட்டோம்னா கேம் ஜம்முனு ஓடும்."

"பார்த்துப் பார்த்தே ஒரு மாசம் ஓடிடுச்சு. என் ஃப்ரெண்ட் ஸ்ம்ருதி கேம்ல ஏழாவது லெவல்ல இருக்கா. எனக்கு லீவே முடியப் போகுது!"

பெண் சொல்வதில் தப்பே கிடையாது. முதல் சனிக்கிழமை வெறும் கேபினெட் மட்டும், அதுவும் பதினோரு கடை ஏறி இறங்கி. அடுத்த வாரம் மதர்போர்டு. மூன்றாம் வாரம் பவர் சப்ளை. மனுஷன் அதன் ஃபேனில் காதை வைத்து ஐந்து நிமிஷம் கேட்டார். நாலாம் வாரம் கிராஃபிக்ஸ் கார்டு. நடுவில் சோலே பட்டூரே, ஐஸ்கிரீம், படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை. மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர்தான் அவர், அதற்காக இப்படியா? ஒரு ஃபைலைக்கூட யாரும் இவ்வளவு நிதானமாக நகர்த்த மாட்டார்கள்.

வாங்கியதெல்லாம் குல்தீப் கடையில் ஓர் அட்டைப் பெட்டியில் காத்திருந்தது. பாக்கி மெமரிக்கான ராம் ஒன்றுதான். அதைச் செருகினால் குல்தீப் அரை மணியில் பூட்டிக் கொடுத்துவிடுவான்.

"இன்னிக்கு ராத்திரி ஆடிடுவேன் இல்ல?" கடை வாசலில் மேதா கேட்டாள்.

"பார்க்கலாம், பார்க்கலாம். முதல்ல கீழே போய் ரெண்டு நிம்பூ பானி வாங்கிட்டு வா. தொண்டை வறண்டு போச்சு."

"ஜல்தி முடிங்கப்பா!" அவள் படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

குல்தீப் ராமை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். ராஜாராமன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னார்.

"பையா, இதை உள்ளே வெச்சுடுங்க. பொண்ணு கேட்டா ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம்தான் வரும்னு சொல்லுங்க."

குல்தீப் விழித்தான். "சாப், சரக்கு கையிலேயே இருக்கே!"

"தெரியும்."

"பணம் குறையுதுன்னா அப்புறமா கொடுங்க, பரவாயில்லை."

"பணமெல்லாம் இருக்கு. நீங்க உள்ளே வைங்க, ப்ளீஸ்."

இருபது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு கிராக்கியை குல்தீப் பார்த்ததில்லை. தலையைச் சொறிந்துகொண்டே ராமை டிராயருக்குள் போட்டான்.

இரண்டு கிளாஸோடு திரும்பிய மேதாவிடம் அவன் கையை விரித்தான். "ஸ்டாக் கதம், பேட்டா. அடுத்த சனிக்கிழமை."

"பக்கத்துக் கடையில வாங்கலாம்ப்பா. இங்கே நூறு கடை இருக்கு!"

"குல்தீப் கொடுத்தாத்தான் நம்பிக்கை. ஒரு வாரம்தானே கண்ணா."

மேதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எல்லாரோட அப்பாவும் ஒரே நாள்ல வாங்கிக் கொடுத்துட்டாங்க. உங்களால மட்டும் ஒரு வேலையைக்கூட முடிக்க முடியாது. யூ ஆர் த வர்ஸ்ட்!"

ராஜாராமனுக்குச் சுருக்கென்று இருந்தது. நிம்பூ பானியை மெள்ள, சொட்டுச் சொட்டாகக் குடித்தார். திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் அவர் தோளைப் பிடிக்காமல் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மயூர் விஹாரில் அபார்ட்மென்ட் சொசைட்டி கேட்டுக்கு வெளியிலேயே ஸ்கூட்டர் நின்றது. மணி சரியாக ஐந்து. அம்மா காந்திமதி கேட்டருகில் நின்றிருந்தாள்.

"இன்னிக்காவது முடிஞ்சுதா, மேதா?"

"இல்லம்மா. ராம் ஸ்டாக் இல்லையாம்."

காந்திமதி பெருமூச்சு விட்டாள். கோபம்கூட இல்லை, அலுப்புதான். ராஜாராமனைப் பார்க்காமல், மகளிடமே பேசினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடு. கம்ப்யூட்டர் வாங்கி முடிக்கிற வரைக்கும்தான் சனிக்கிழமை வெளியில கூட்டிட்டுப் போகலாம்னு நான் ஒத்துக்கிட்டது. இப்படி இழுத்துக்கிட்டே போனா எப்படி? நாளைக்கே அர்விந்த் மாமாவை விட்டு ரெடிமேட் ஒண்ணு வாங்கிடறேன். நாளை ராத்திரியே நீ ஆடலாம். இனிமே பழையபடி, கோர்ட்டுல சொன்ன மாதிரி மாசம் ஒரு மணி நேரம், அங்கேயே அந்த ரூம்ல உன்னைப் பார்த்துட்டுப் போகட்டும்."

மேதா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்கூட்டர் ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, ரெடிமேட் வேண்டவே வேண்டாம்மா!" என்றாள் அவசரமாக. "ராம் மட்டும் இல்ல, அந்த மதர்போர்டே சரியில்ல. எல்லாத்தையும் முதல்லேருந்து பார்க்கணும், நிறைய சனிக்கிழமை ஆகும்."